கரையில் கிடைக்கும் எட்டு மணிநேரம்



கனடாவில் குடியிருக்கும் எனது பழைய மாணவர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. ஊரிலிருந்து வந்திருக்கும் உம்மாவையும் அழைத்துக்கொண்டு, மனைவி மக்களோடு கரிபியன் தீவுகளைச் சுற்றிவரும் உல்லாசக் கப்பலில் 14 நாட்கள் பயணம் போகிறாராம். ஜமெய்க்கா, மார்ட்டினிக், பார்படோஸ் ஆகிய தீவுகளில் கப்பல் நிற்கும். இறங்கிப் பார்க்கக்கூடியவற்றின் நீண்ட பட்டியல் ஒன்றையும் இணைத்து, "ஹஸ்ரத், இவற்றில் எவை கூடும், எவை கூடாது?" என்று கேட்டிருந்தார்.

கடிதத்தின் கடைசியில் இப்படியும் எழுதியிருந்தார்: "உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அவ கப்பலிலேயே ஓய்வாக இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்."

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இன்று நம் ஊர்களில் ஏராளம். எனவே அவருக்கு எழுதிய பதிலை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

இத்தகைய கப்பல் காலையில் துறைமுகத்தை அடைந்தால் பெரும்பாலும் மாலையில் புறப்பட்டுவிடும். கரையில் கிடைப்பது ஏழு, எட்டு மணிநேரமே. கப்பல் நிறுவனமே ஒழுங்கு செய்யும் பயணத்தில் பஸ் தாமதித்தால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியே வாகனம் பிடித்துச் சென்றவருக்காகக் காத்திருக்காது. கப்பலின் நேரமும் தீவின் நேரமும் சில வேளைகளில் ஒரு மணிநேரம் வேறுபடும். இறங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் தொழுகையைக் கவனியுங்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, ஓரிரு நாள் மட்டும் தங்கிச் செல்பவர் பிரயாணியாகவே இருக்கிறார். லுஹரையும் அஸரையும் சுருக்கி, ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழும் சலுகை அவருக்கு உண்டு. இத்தனை இலகுவாக்கித் தந்த பின்னும் தொழுகையைத் தவறவிடுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது? கிப்லாவையும் கவனித்துக்கொள்ளுங்கள். இலங்கையில் நாம் மேற்குப் பக்கமாகத் திரும்பித் தொழுகிறோம். அங்கோ கிழக்கும் வடகிழக்கும் சார்ந்த திசையை நோக்க வேண்டும்.

அடுத்து, விலக்க வேண்டியவை. ரம் வடிசாலையைச் சுற்றிக்காட்டிச் சுவைத்துப் பார்க்கக் கொடுக்கும் பயணங்கள் அங்கு அதிகம். சில கடற்கரைப் பயணங்களின் கட்டணத்திலேயே மதுவும் சேர்ந்திருக்கும். பணம் கட்டுமுன் விசாரியுங்கள். கடலில் நீந்தி மீன் பார்ப்பது ஆகுமானதே. ஆடையிலும் ஒழுக்கத்திலும் பேணுதலாக இருங்கள். முருகைக்கற்களின் மேல் கால் ஊன்ற வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒரு மிதியில் உடைவது மீண்டும் வளரப் பல்லாண்டுகள் செல்லும்.

இவை கூடும், கூடாது என்ற கேள்விக்கான விடை. ஆகுமானவற்றுள் எது மேலானது என்றும் நாம் கேட்க வேண்டாமா? பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் நிலையைச் சிந்திக்குமாறு அல்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. அந்தத் தீவுகளில் சிந்திக்க நிறையவே இருக்கிறது.

ஜமெய்க்காவின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் உழைத்தார்கள். அவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். திம்புக்டுவில் பிறந்த அபூபக்ர் அஸ்ஸித்தீக் என்பவர் அவர்களுள் ஒருவர். தோட்டத்துக் கணக்கை ஆங்கில மொழியில், ஆனால் அரபு எழுத்தில் எழுதி வந்தார். நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுதியது உங்கள் நினைவுக்கு வருகிறதல்லவா? தனது வாழ்க்கை வரலாற்றையும் அவர் அரபியில் எழுதினார். 1834இல் விடுதலை பெற்றார். அந்த மண்ணில் நிற்கும் நம் பிள்ளைகள் இவரது பெயரையாவது அறிந்திருக்க வேண்டும்.

மார்ட்டினிக்கின் பழைய நகரமான சென் பியேர், கப்பல் நிற்கும் போர்ட் டி பிரான்ஸிலிருந்து வாகனத்தில் ஒரு மணிநேரத் தூரத்தில் இருக்கிறது. 1902 மே 8ஆந் திகதி காலை, பெலே எரிமலை வெடித்துச் சில நிமிடங்களில் அந்நகரை அழித்தது. சுமார் 28,000 பேர் மாண்டனர். நகரில் உயிர் தப்பிய மிகச் சிலருள், தடித்த சுவர்களுக்குள் அடைக்கப்பட்டிருந்த ஒரு கைதியும் இருந்தார். அந்தச் சிறைக்கூடம் இன்றும் நிற்கிறது. மாண்டவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நமது வேலையல்ல. உயிர் யாருடைய கையில் இருக்கிறது என்பதை உணர்ந்தால் போதும்.

பார்படோஸின் தலைநகரான பிரிஜ்டவுன் நம்மவர்களுக்குப் புதிய பெயரல்ல. 2007 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் நமது அணி தோற்றது அங்கேதான். அந்நகரில் பள்ளிவாசல் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் போய், வீடு வீடாகத் துணி விற்ற முஸ்லிம்களின் வழிவந்தோர் அங்கே வாழ்கிறார்கள். நமது மாணவரின் கப்பல் அங்கு நிற்பதோ வெள்ளிக்கிழமை! பிரயாணிக்கு ஜும்ஆ கடமையல்ல. ஆனால் கலந்துகொண்டால் லுஹருக்குப் பதிலாக அது நிறைவேறும். பெண்களுக்கு இடவசதி உண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இனி, அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன்.

மாணவர் குறித்து வைத்திருந்தவற்றைப் பார்த்தேன். ஜமெய்க்காவில் டன்ஸ் ரிவர் நீர்வீழ்ச்சி. அங்கு வழுக்கும் பாறைகளில் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி வரிசையாக மேலே ஏறுவார்கள். மார்ட்டினிக்கில் மலை நடை. பார்படோஸில் ஆழ்கடல் நீச்சல். ஹராமான எதுவும் அதில் இல்லை. ஆனால் உம்மா சேர்ந்துகொள்ளக்கூடிய எதுவுமே இல்லை! உலகத்தின் மறுகோடி வரை அழைத்துச் சென்றுவிட்டு, மூன்று தீவுகளிலும் அந்தத் தாயைக் கப்பல் அறையில் இருத்திவிட்டுப் போவதா? பெற்றோருக்கு உபகாரம் செய்வது என்றால் பயணச்சீட்டு எடுத்துக் கொடுப்பதோடு முடிந்துவிடுமா?

நான் எழுதினேன்: "மகன், ஒரு தீவைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அவர்கள் நீர்வீழ்ச்சியில் ஏறட்டும். மற்ற இரண்டிலும் உம்மாவால் முடிந்ததைத் தெரிவு செய்யுங்கள். சென் பியேரை வாகனத்தில் இருந்தபடியே பெருமளவு பார்க்கலாம். சக்கர நாற்காலி கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன், என்ன பார்க்க ஆசை என்று உம்மாவிடம் கேட்டீர்களா?"

சென்ற கிழமை பதில் வந்தது. அவர்கள் கேட்டிருக்கவில்லை. என் கடிதம் கிடைத்த இரவுதான் கேட்டிருக்கிறார். உம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க போற எடத்துல ஒரு பள்ளியப் பாத்தாப் போதும் மகன். அங்க உள்ள பொம்புளையளுக்கு ஒரு ஸலாம் சொல்லிட்டு வரலாம்" என்றாராம்.

ஆழ்கடல் நீச்சலுக்குக் கட்டிய பணத்தில் ஒரு பகுதி திரும்பி வராது என்றும் மாணவர் எழுதியிருந்தார். அதை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டாம் என்று பதில் போட்டேன்.

பெற்றோர் நம்மோடு இருக்கும்போதே அவர்களது மனதைக் கேட்டறியும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.