ஆட வந்தவன் ஆடிட்டுப் போகணுமா?

ரெண்டு மாசமா இந்தப் பக்கமே வரலை. பரீட்சை, ப்ராஜெக்ட், பேப்பர் திருத்தற வேலைன்னு வழக்கமான பல்லவிதான், விடுங்க. ஆனா போன சனிக்கிழமை எங்க அபார்ட்மெண்ட்ல நடந்த ஒரு சண்டை மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருக்கு. அதை இங்க கொட்டிட்டாதான் தூக்கம் வரும்.

இருக்கிறது ஹூஸ்டன். ராக்கெட்ஸ் மேட்ச் பாக்கறது எங்க ரூம்ல வாராந்திர சடங்கு. அன்னைக்கு இடைவேளையில ரூம்மேட் யூட்யூப்ல ஒரு பழைய வீடியோவைத் தட்டினான். 2020, ஜார்ஜ் ஃப்ளாய்டு கொல்லப்பட்ட சமயம். அவரோட ஆறு வயசுப் பொண்ணை ஒரு நெட்டை மனுஷன் தோள்ல தூக்கி வெச்சிருக்கார். எங்கப்பா உலகத்தை மாத்திட்டார்னு அந்தக் குழந்தை சிரிச்சுக்கிட்டே சொல்லுது. தூக்கி வெச்சிருக்கறது ஸ்டீபன் ஜாக்சன்.

"இவங்களுக்கு எதுக்கு மச்சி இந்த வேலை? ஆட வந்தவன் ஆடிட்டு, காசை வாங்கிட்டுப் போகணும்"னான் ரூம்மேட். எனக்கு ஏறிடுச்சு.

நம்மாளுங்களுக்கு அமெரிக்கான்னா மூணு ஊர்தானே: நியூஜெர்சி, பே ஏரியா, டெக்சாஸ். ஜாக்சன் மூணுலயும் ஆடினவர். இங்க பக்கத்துல போர்ட் ஆர்தர்ல வளர்ந்து, 2000-01ல நியூஜெர்சி நெட்ஸ்ல என்பிஏ கணக்கைத் தொடங்கினார். 2003ல சான் அன்டோனியோவோட கோப்பை. ஃபைனல்ல தோத்தது அதே நெட்ஸ். 2007ல ஓக்லாந்து வாரியர்ஸ், அதாவது எட்டாவது இடத்துல உள்ள நுழைஞ்சு, 67 மேட்ச் ஜெயிச்ச டல்லாஸை முதல் சுத்துலயே கவுத்தாங்களே, அந்த டீம். ரொம்ப நல்ல பிள்ளைன்னும் சொல்ல முடியாது. 2004ல ரசிகர்கள் கூட்டத்துக்குள்ள ஏறி அடிச்சதுக்கு 30 மேட்ச் தடை வாங்கினவர். 2020 ஜூலையிலயே யூதர்களைப் பத்தின ஒரு விவகாரத்துல தப்பான பக்கம் நின்னு வாங்கிக் கட்டிக்கிட்டார்.

ஃப்ளாய்டு ஹூஸ்டன் தேர்ட் வார்டு ஆள். ஜாடையில ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருப்பாங்க, ஒருத்தரை ஒருத்தர் "ட்வின்"னுதான் கூப்பிட்டுக்குவாங்க. அப்போ ஜாக்சனுக்கு அது பேப்பர்ல படிச்ச "சமூகப் பிரச்சினை" இல்லை, இழவு வீடு. இழவு வீட்டுக்குப் போறவனைப் பாத்து உன் வேலையைப் பாருன்னு சொல்லுவோமா? இதைத்தான் ரூம்மேட்கிட்ட கத்தினேன்.

அவன் சும்மா இருப்பானா? "எல்லாம் விளம்பரம் மச்சி. பேசினா இவனுங்களுக்கு என்ன நஷ்டம்?"

நஷ்டப்பட்டவங்க லிஸ்ட் பெருசு. பில் ரஸ்ஸல், ஓக்லாந்துல வளர்ந்தவர். 1961ல கென்டக்கி மாநிலம் லெக்சிங்டன்ல டீம் தங்கின ஹோட்டல்ல கறுப்பு வீரர்களுக்குச் சாப்பாடு குடுக்க மாட்டோம்னதும், அவரும் மத்த கறுப்பு வீரர்களும் மேட்ச் ஆடாமலே ஊருக்குக் கிளம்பிட்டாங்க. கிரெய்க் ஹாட்ஜஸ், சிகாகோ புல்ஸ். 1991ல வெள்ளை மாளிகை போனப்ப ஆப்பிரிக்க டஷிகி உடையில போய், ஏழைகளையும் கறுப்பின மக்களையும் கவனிங்கன்னு புஷ்ஷுக்கு ஒரு கடிதம் குடுத்தார். 1992ல புல்ஸ் அவரைக் கழட்டி விட்டுச்சு. மூணு வருஷம் தொடர்ந்து மூணு பாயிண்ட் போட்டி ஜெயிச்ச ஆளை வேற எந்த டீமும் கூப்பிடலை. மஹ்மூத் அப்துல் ரவூஃப், டென்வர். 1996ல தேசிய கீதத்துக்கு எழுந்து நிக்கலைன்னு சஸ்பெண்ட் ஆனார். அப்புறம் நின்னு பிரார்த்தனை பண்றேன்னு சமாதானம் ஆச்சு. ஆனாலும் அந்த சீசன் முடிஞ்சதும் சாக்ரமென்டோவுக்குத் தள்ளிவிட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா ஆளே காணாமப் போயிட்டார்.

நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சப்பதான் எடிசன்ல இருந்து சித்தப்பா போன். நெட்ஸ் நியூஜெர்சியில இருந்த காலத்து ரசிகர் அவர். பஞ்சாயத்தை அவர்கிட்ட கொண்டு போனேன். மனுஷன் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏன்டா தம்பி, ஹாங்காங் விஷயத்துல உங்க ஊர் டீம் என்ன பண்ணுச்சு?"

வாயடைச்சுப் போச்சு. 2019 அக்டோபர்ல ராக்கெட்ஸ் மேனேஜர் டேரில் மோரி ஹாங்காங் போராட்டத்தை ஆதரிச்சு ஒரு வரி ட்வீட் போட்டார். உடனே சீன ஸ்பான்சர்கள் ஓட, சீன அரசு டிவி ஒளிபரப்பை நிறுத்த, யாவ் மிங் காலத்துல இருந்து சீனாவே கொண்டாடின டீம் ஒரே நாள்ல தீண்டத்தகாததாச்சு. மோரி ட்வீட்டை அழிச்சார். ராக்கெட்ஸ் ஸ்டார் ஜேம்ஸ் ஹார்டன் சீனாகிட்ட மன்னிப்பு கேட்டார். 2018ல ஒரு டிவி அம்மா "வாயை மூடிட்டு பந்தைத் தட்டு"ன்னப்ப நிமிர்ந்து நின்ன லெப்ரான் ஜேம்ஸ், மோரிக்கு விஷயம் தெரியலைன்னார். எல்லாத்துக்கும் கருத்து சொல்ற வாரியர்ஸ் கோச் ஸ்டீவ் கெர் கூட நழுவினார்.

2020ல லீகே அனுமதிச்ச வாசகங்களை ஜெர்ஸியில போட்டுக்கலாம்னாங்க. லிஸ்ட்ல இருந்து தேர்ந்தெடுத்துக்கணும். ஜிம்மி பட்லர், நம்ம ஹூஸ்டன் பக்கத்து டோம்பால்காரர், பேரே இல்லாத ஜெர்ஸி போட்டுட்டு வந்தார். மாத்திட்டு வான்னு அனுப்பிட்டாங்க :-) அனுமதி வாங்கின கோபம் வேற, அனுமதி இல்லாத கோபம் வேற.

அதுக்காக எல்லாமே வேஷம்னு தள்ளிட முடியுமா? எனக்குத் தோணலை. அதே 2020 ஆகஸ்ட்ல ஜேக்கப் பிளேக்கை போலீஸ் சுட்டப்ப மில்வாக்கி டீம் மேட்ச் ஆடாம உள்ளயே உக்காந்துச்சு. லீகே நின்னு போச்சு. அதுக்கப்புறம் வீரர்களும் லீகும் பண்ணிக்கிட்ட ஒப்பந்தத்துல அரங்கங்களை வாக்குச்சாவடி ஆக்கறதும் ஒண்ணு. அந்தத் தேர்தல்ல நாங்க மேட்ச் பாக்கற இதே டொயோட்டா சென்டர்ல ஜனங்க ஓட்டுப் போட்டாங்க. நழுவின கெர், 2022ல உவால்டி பள்ளிக்கூடத்துல 19 குழந்தைங்களும் 2 டீச்சர்களும் செத்த அன்னைக்கு டல்லாஸ்ல மேட்சைப் பத்திப் பேச மாட்டேன்னு மேஜையைத் தட்டிட்டு எழுந்து போனார். அவங்கப்பா 1984ல பெய்ரூட்ல சுட்டுக் கொல்லப்பட்டவர். அங்க நடிப்பு இல்லை.

நம்ம ஊர்ல? 2017ல அஷ்வின் "234 வேலைவாய்ப்பு"ன்னு ஒரு வரி எழுதிட்டு, அரசியல் இல்லைங்கன்னு அவசரமா விளக்கம் குடுக்க வேண்டியிருந்துச்சு. 2021ல விவசாயிகள் போராட்டத்தப்ப ரிஹானா ஒரு ட்வீட் போட்டதும், நம்ம கிரிக்கெட் ஸ்டார்கள் ஒரே குரல்ல பேசினாங்க. அதுக்கு யாரும் "நீ ஆடிட்டுப் போ"ன்னு சொன்னதா ஞாபகம் இல்லை. நமக்குப் பிடிக்காததைப் பேசினாதான் அந்த வசனம் வருது.

சரி, இவ்வளவு பேசற நான் யாரு? எஃப்-1 விசாவுல இருக்கற ஒரு பையன். 2025 மார்ச்ல டஃப்ட்ஸ் மாணவி ருமேசா ஓஸ்டுர்க், கல்லூரிப் பத்திரிகையில மத்தவங்களோட சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினவர், தெருவுல பிடிபட்டு ஆறு வாரம் காவல்ல இருந்தார். அந்த ஜூன்ல இருந்து மாணவர் விசா கேக்கறவங்க சமூக வலைதளக் கணக்கைத் திறந்து வெக்கணும்னு உத்தரவு. அன்னையில இருந்து அம்மா ஒவ்வொரு போன்லயும் சொல்றது: "நீ படிக்கப் போனியா, ஊர் நியாயம் பேசப் போனியா?"

அட, ரூம்மேட் சொன்ன அதே வசனம். படிக்க வந்தவன் படிச்சுட்டுப் போகணும். அம்மா பயத்துல சொல்றாங்க, அதுல தப்பில்லை. நானும் பயத்துலதான் இந்தப் பதிவை மூணு தடவை எழுதி அழிச்சேன். கேம்பஸ்ல கூட்டம் நடந்தா லைப்ரரி வழியா சுத்திப் போறவன் நான். அதனால ஹார்டனைத் திட்ட எனக்கு வாய் வரலை. ஆனா ஹாட்ஜஸ் மாதிரி ஒருத்தன் எழுந்து பேசறப்ப, உன் வேலையைப் பாருன்னு மட்டும் சொல்ல மாட்டேன். அவன் என்ன குடுத்துட்டுப் பேசறான்னு முதல்ல பாப்பேன்.

ரூம்மேட் இன்னும் ஒத்துக்கலை. நேத்து அவன் முறை சமையல், சாம்பார்ல உப்பே இல்லை. நான் ஒண்ணும் சொல்லலை. ஆட வந்தவன் ஆடிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன் :-)

நீங்க என்ன சொல்றீங்க மக்களே?