ஓடிப் போனவரா, உழைக்கப் போனவரா?

2011-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி இரவு.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்று ஒரு நகரம். அங்குள்ள ஆட்ட அரங்கத்தில் ஆயிரக்கணக்கான பேர் கூடி இருந்தார்கள். உள்ளூர்க் கோஷ்டிக்கும் பிலடெல்பியா கோஷ்டிக்கும் ஐஸ் ஹாக்கிப் பந்தயம்.

பிலடெல்பியா கோஷ்டியில் 39 வயது ஆட்டக்காரர் ஒருவர். அவர் களத்தில் இறங்கியதும், "ஊ...! ஊ...!" என்று அரங்கமே ஊளையிட்டது. ஆட்டம் அவர் பக்கம் வந்தபோதெல்லாம் ஊளை!

அவர் யார்? எதிரி நாட்டுக்காரரா? யாரையாவது அடித்து விழத் தட்டியவரா?

இல்லை. அதே பிட்ஸ்பர்க் நகரத்துக்கு இரண்டு தடவை பெருங்கோப்பை வாங்கித் தந்தவர். ஒரு காலத்தில் அந்த ஊர்ச் சிறுவர்கள் அவரைப் போலவே முடி வளர்த்துக்கொண்டு திரிந்தார்கள்!

அவர் பெயர் யாரோமிர் யாகர். செக் நாட்டுக்காரர். மூன்று வருஷம் ரஷ்யாவில் ஆடிவிட்டு அப்போதுதான் அமெரிக்காவுக்குத் திரும்பி இருந்தார். திரும்பியவர் பழைய வீட்டுக்கு வரவில்லை; பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். அதுதான் அவர் செய்த குற்றம்.

அந்த ஊளை நியாயந்தானா? பாதி நியாயம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

பனிக்கட்டியில் ஆட்டம்

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நமக்குத் தெரிந்த ஹாக்கி மைதானத்தில் ஆடுவது. இது உறைந்த பனிக்கட்டியின் மேல் ஆடுவது. பூட்சின் அடியில் கத்தி போன்ற இரும்புத் தகடு இருக்கும். அதை வைத்துத்தான் வழுக்கிக்கொண்டு ஓடவேண்டும். பந்துக்குப் பதில் கெட்டியான ரப்பர் வில்லை. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். ஒரு நிமிஷம் ஆடினாலே மூச்சு வாங்கும். அதனால் ஆட்டத்தின் நடுவிலேயே ஆளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள பெரிய கோஷ்டிகள் ஒன்று சேர்ந்து 'நேஷனல் ஹாக்கி லீக்' நடத்துகின்றன. உலகத்திலேயே அதிகச் சம்பளம் அங்கேதான்.

68 என்ற எண்

யாகர் பிறந்தது 1972-ல். க்லாத்னோ என்ற ஊர். பிராக் நகரத்துக்குப் பக்கம். இரும்பு ஆலைகள் நிறைந்த ஊர். (பிட்ஸ்பர்க்கும் இரும்பு ஆலைகளால் பெயர் பெற்ற ஊர்தான். என்ன பொருத்தம்!)

யாகரின் தாத்தா விவசாயி. அவர் பெயரும் யாரோமிர் யாகர்தான். கம்யூனிஸ்டு ஆட்சி வந்ததும் அவருடைய நிலம் போயிற்று. அவர் சிறைக்கும் போனார்.

1968-ல் செக்கோஸ்லோவாகியாவில் கொஞ்சம் சுதந்திரக் காற்று வீசியது. அதைப் பொறுக்காமல் ரஷ்ய டாங்கிகள் உள்ளே புகுந்தன. அதே ஆண்டில் தாத்தா இறந்தார்.

பேரன் சட்டையின் முதுகில் போட்டுக்கொண்ட எண் 68. காரணம் இதுதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, அமெரிக்க ஜனாதிபதி ரீகனின் படத்தை நோட்டுக்குள் வைத்திருந்த பையன் அவர்!

1989-ல் அந்த ஆட்சி விழுந்தது. மறு வருஷமே பிட்ஸ்பர்க் கோஷ்டி யாகரைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முன்பு அந்த நாட்டு ஆட்டக்காரர்கள் அமெரிக்காவில் ஆட வேண்டுமானால் பெரும்பாலும் தப்பித்தான் ஓடவேண்டும். யாகர் அப்படி ஓடவில்லை. பாஸ்போர்ட்டோடு விமானம் ஏறினார். வயது 18.

போன இடத்தில் பாஷை தெரியாது. அம்மா நினைப்பு, ஊர் நினைப்பு. பையன் வாடிப் போனான். கோஷ்டி நிர்வாகிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? யிரி ஹர்தினா என்ற செக் ஆட்டக்காரரை வேறு கோஷ்டியில் இருந்து வரவழைத்தார்கள். பையனுக்குப் பேச்சுத் துணை வேண்டும் அல்லவா?

பலன் கிடைத்தது. 1991-ல் கோப்பை. 1992-ல் மறுபடியும் கோப்பை!

கோஷ்டித் தலைவர் மாரியோ லெமியூ. 'யாரோமிர்' என்ற பெயரின் ஆங்கில எழுத்துக்களை இடம் மாற்றிப் போட்டால் 'சின்ன மாரியோ' என்று வரும். ரசிகர்களுக்குக் கேட்கவா வேண்டும்! கோல் போட்டதும் யாகர் ராணுவக்காரரைப்போல் ஒரு சல்யூட் அடிப்பார். அரங்கமே எழுந்து நிற்கும்.

பிட்ஸ்பர்க்கில் அவர் ஆடியது 11 பருவங்கள். லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற பரிசை ஐந்து தடவை வாங்கினார். (கோல் போட்டாலும் புள்ளி உண்டு, கோலுக்கு வழி செய்து கொடுத்தாலும் புள்ளி உண்டு.)

2001-ல் பிரிவு வந்தது. கோஷ்டியிடம் பணம் இல்லை. யாகருக்கும் அங்கே மனம் ஒட்டவில்லை. வாஷிங்டன் கோஷ்டிக்கு அவரை மாற்றிவிட்டார்கள். அங்கே ஏழு வருஷத்துக்கு 7 கோடியே 70 லட்சம் டாலர் ஒப்பந்தம். 2004-ல் வாஷிங்டன் அவரை நியூயார்க்குக்கு மாற்றியது. அங்கேயும் ஜொலித்தார். 2008-ல் ஒப்பந்தம் முடிந்தது. மறு ஒப்பந்தம் படியவில்லை.

அப்போதுதான் ரஷ்யா கூப்பிட்டது.

ரஷ்யாவுக்கா போவது?

2008-ல் ரஷ்யாவில் 'காண்டினென்டல் ஹாக்கி லீக்' என்ற புதிய லீக் பிறந்தது. எண்ணெய்க் கம்பெனிப் பணம் தாராளமாக ஓடிய காலம். வருமான வரியோ 13 சதவிகிதந்தான். ஓம்ஸ்க் நகரத்து 'அவங்கார்டு' கோஷ்டி யாகரை அழைத்தது. யாகர் போனார். அப்போது அவருக்கு வயது 36.

"68 என்று முதுகில் எழுதிக்கொண்டவர் ரஷ்யாவுக்கா போவது? தாத்தாவை மறந்துவிட்டாரா?" என்று கேட்கலாம்.

நான் கேட்கமாட்டேன். டாங்கியை அனுப்பியவர்கள் மாஸ்கோவில் இருந்தார்கள். 2008-ல் ஓம்ஸ்க் அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பையன் 1968-ல் பிறக்கவே இல்லை. அவன்மேல் என்ன கோபம்? இன்னொன்று: ஓம்ஸ்கிலும் யாகர் 68-ம் எண் சட்டையைத்தான் போட்டார். அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தால், நானும் அவரைக் குறை சொல்லி இருப்பேன்.

ஓம்ஸ்க் சும்மா ஊர் அல்ல. மாஸ்கோவில் இருந்து 2,000 கிலோ மீட்டருக்கு மேல் கிழக்கே, சைபீரியாவில் இருக்கிறது. குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி, 30 டிகிரி என்று போகும். இர்த்திஷ் நதி கல்லாக உறைந்துவிடும். எழுத்தாளர் தாஸ்தாயெவ்ஸ்கியை ஜார் மன்னர் தண்டித்து அனுப்பினாரே, அந்தச் சிறை இருந்தது இந்த ஊரில்தான். "சுகமாகப் பணம் சம்பாதிக்கப் போனார்" என்று சொல்பவர்கள் அங்கே ஒரு குளிர்காலம் இருந்து பார்க்கட்டும்!

அங்கே யாகருடன் ஜோடியாக ஆடிய பையன் அலெக்சி செரபானோவ். வயது 19. நல்ல கெட்டிக்காரன். நியூயார்க் கோஷ்டி அவனை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. நாளைய நட்சத்திரம் என்றார்கள்.

2008 அக்டோபர் 13. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் செக்கோவ் என்ற ஊரில் பந்தயம். யாகரும் பையனும் ஒன்றாக ஆடிவிட்டு வந்து பெஞ்சியில் உட்கார்ந்தார்கள். ஏதோ பேசிக்கொண்டார்கள். அப்படியே பையன் சாய்ந்துவிட்டான். அரங்கில் நிற்கவேண்டிய ஆம்புலன்ஸ் வண்டி அதற்குள் போய்விட்டிருந்தது. அதைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. பையன் பிழைக்கவில்லை.

பக்கத்தில் இருந்த பையன் இறந்துபோனான். யாகர் மூட்டை கட்டிக்கொண்டு புறப்படவில்லை. ஓம்ஸ்கிலேயே மூன்று பருவம் ஆடினார். பணத்துக்காக மட்டும் போனவர் என்றால், இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

வருவாரா, மாட்டாரா?

2011 கோடையில் அமெரிக்காவில் ஒரே பரபரப்பு. "யாகர் திரும்பப் போகிறார்!"

எங்கே போவார்? பிட்ஸ்பர்க்குக்குத்தான் என்று அந்த ஊர் நினைத்தது. பழைய தோழர் லெமியூ இப்போது அந்தக் கோஷ்டியின் முதலாளி. கோஷ்டி ஒரு வருஷத்துக்கு 20 லட்சம் டாலர் தருவதாகச் சொல்லியிருந்தது. பழைய 68-ம் எண் சட்டையைப் பெட்டியில் இருந்து எடுத்துத் தட்டி வைத்துக்கொண்டார்கள் ரசிகர்கள்.

நாள் கடந்தது. யாகர் பக்கத்தில் இருந்து சரி என்றும் வரவில்லை, முடியாது என்றும் வரவில்லை. கடைசியில் பிட்ஸ்பர்க் கோஷ்டி விலகிக்கொண்டது. அதே நாள், ஜூலை முதல் தேதி, யாகர் 33 லட்சம் டாலருக்குப் பிலடெல்பியாவில் கையெழுத்துப் போட்டார்.

பிலடெல்பியாவும் பிட்ஸ்பர்க்கும் ஒரே மாநிலம். ஒன்றுக்கு ஒன்று ஆகாது. வேறு எந்த ஊருக்குப் போயிருந்தாலும் பொறுத்திருப்பார்கள். அங்கே போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இப்போது என் அபிப்பிராயம்.

அதிகச் சம்பளம் கொடுக்கிற இடத்துக்குப் போவது துரோகமா? கொத்தனார் போகலாம், வாத்தியார் போகலாம், டாக்டர் போகலாம். ஆட்டக்காரர் மட்டும் போகக் கூடாதா? அதுவும் 39 வயதில்! அவருக்கு இன்னும் எத்தனை வருஷம் கால் ஓடும்?

யாகரை அவருடைய வாழ்நாளில் நான்கு தடவை கோஷ்டிகள் ஒன்றுக்கு ஒன்று கைமாற்றி இருக்கின்றன. 2001, 2004, 2013, 2015. கோஷ்டி ஆளை மாற்றினால் அது வியாபாரம். ஆள் கோஷ்டியை மாற்றினால் அது துரோகம்! இது என்ன நியாயம்?

எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. பிட்ஸ்பர்க் கூப்பிட்டது, வரப்போகும் ஆட்டத்துக்காக மட்டும் அல்ல. பழைய ஞாபகத்துக்காகவும் கூப்பிட்டது. பிலடெல்பியாவுக்குப் பழைய ஞாபகம் எதுவும் கிடையாது. அது கூப்பிட்டது கோலுக்காக. 39 வயது மனிதனுக்கு, "நீ இன்னும் வேலைக்கு ஆவாய்" என்ற வார்த்தையைவிட இனிப்பு வேறு எது?

அப்படியானால் ஊளையில் பாதி நியாயம் என்றேனே, அது எது?

அந்த மௌனந்தான். 11 பருவம் தூக்கிக் கொண்டாடிய ஊர். 18 வயதில் பாஷை தெரியாமல் வந்து நின்றபோது பேச்சுத் துணைக்கு ஆள் தேடிக் கொடுத்த ஊர். "எனக்கு வேறு இடம் பிடித்திருக்கிறது, மன்னியுங்கள்" என்று முதலில் அங்கே ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாம். போவது அவர் உரிமை. காத்திருந்தவர்களை வாசலிலேயே நிற்க வைத்தது தப்பு. நம் வீட்டுப் பிள்ளை பண்டிகைக்கு வரவில்லை என்றால் வருத்தப்படுவோம். வருகிறேன் என்றும் சொல்லாமல் வரவில்லை என்றும் சொல்லாமல் இருந்தால் கோபப்படுவோம். அந்தக் கோபந்தான் அன்று இரவு ஊளையாக வந்தது.

யாகர் அதற்குப் பதில் சொன்னார், வாயால் அல்ல. அந்தப் பந்தயத்தில் ஒரு கோல் போட்டார். பழைய மாதிரியே ஒரு சல்யூட் அடித்தார்!

ஓம்ஸ்குக்குக் கொடுத்த விலை

ரஷ்யாவுக்குப் போனதால் யாகருக்கு நஷ்டமே இல்லையா? இருக்கிறது. கணக்குப் பார்ப்போம்.

2008-ல் அவர் அமெரிக்காவை விட்டபோது 646 கோல் போட்டிருந்தார். திரும்பி வந்து, பல கோஷ்டிகளில் ஆடி, இன்னும் 120 கோல் போட்டார். மொத்தம் 766. புள்ளிகள் 1,921. புள்ளியில் அவருக்கு மேலே வேன் கிரெட்ஸ்கி ஒருவர்தான்.

கோல் கணக்கில் கோர்டி ஹோ என்ற பழைய மேதைக்கு 801. யாகருக்கு 35 குறைவு. திரும்பி வந்த முதல் மூன்று பருவங்களில் மட்டும் யாகர் போட்டது 59 கோல். அதில் ஒரு பருவம் பாதிக்கு மேல் வெட்டப்பட்ட குட்டைப் பருவம் இல்லை என்றாலும், 48 பந்தயத்தோடு முடிந்த பருவம். ஆக, ஓம்ஸ்கில் இருந்த மூன்று வருஷம் அமெரிக்காவில் இருந்திருந்தால், அந்த 35-ஐத் தாண்டி இருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். பணம் ஒரு கையில் வந்தது. பட்டியலில் ஓர் இடம் மறு கையில் போயிற்று. வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்த விலை அல்ல. தெரிந்தே கொடுத்த விலை.

பிட்ஸ்பர்க்கும் கோபத்தை ரொம்ப காலம் அடைகாக்கவில்லை. 2018-ல் யாகர் சொந்த ஊரான க்லாத்னோவுக்குப் போய், அங்கே தம்முடைய சொந்தக் கோஷ்டியில் ஆடத் தொடங்கினார். 2024 பிப்ரவரி 18-ந் தேதி பிட்ஸ்பர்க் அவரை அழைத்தது. 68-ம் எண் சட்டையை அரங்கத்தின் கூரையில் ஏற்றியது. இனிமேல் அந்தக் கோஷ்டியில் வேறு யாரும் அந்த எண்ணைப் போடக் கூடாது.

அன்று பந்தயத்துக்கு முன்னால் பயிற்சிக்கு வந்த பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர்கள் எல்லாரும், யாகருடைய பழைய நீள முடியைப்போல் டோப்பா வைத்துக்கொண்டு, முதுகில் 68 போட்டுக்கொண்டு இறங்கினார்கள். அவர்களோடு யாகரும் இறங்கிப் பனிக்கட்டியைச் சுற்றி வந்தார். வயது 52 ஆகி மூன்று நாள் ஆகியிருந்தது. அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. ஊளைச் சத்தம் கேட்கவில்லை.