ஒத்திவைத்த கடன்

கணிப்பொறியில் பல நிரல்கள் ஒரே செயலியை முறைவைத்து ஆளுகின்றன. முறை மாறுந்தோறும், முன்னது தசமக் கணக்கிற்கெனப் பதிவகங்களில் வைத்த எண்களை எடுத்துக் காத்து, அடுத்ததன் எண்களை இடுதல் இயங்குதளக் கெர்னலின் கடன். அடுத்த நிரல் அப்பதிவகங்களைத் தொட்டுத் தடை எழும்வரை அக்கடனை ஒத்திவைத்தல் சிக்கனமென முன்னர்க் கருதினர். தசமக் கணக்கு அரிதாயிருந்த நாளில் அது தக்கதே. இந்நாளிலோ நினைவகப் படியெடுப்பிற்கும் அப்பதிவகங்களே பயன்படுதலின் மிச்சம் சிறிது, கேடோ பெரிது. தடை எழுமுன்னரே ஊகித்துக் கணிக்கும் இன்டெல் கோர் செயலிகளில், எஞ்சிய எண்களைப் பிறிதொரு நிரல் உய்த்தறியக்கூடுமென 2018 ஜூனில் வெளியாயிற்று. மறையீட்டுத் திறவுகோலும் அவற்றுள் இருத்தல் கூடும். லினக்ஸ் 2016-லேயே உடனுக்குடன் மாற்றும் முறையை இயல்பாக்கிற்று. அதுவே நன்றென்போம் யாம். குடியிருந்தார் பொருளை அகற்றாது வீட்டைப் பிறர்க்கு விடுதல் சிக்கனமாகுமோ?