மழை ஏன் 'ஸ்ட்ராங்' இல்லை?



'நேற்று பலத்த மழை பெய்தது' என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், வகுப்பில் ஒரு பிள்ளையாவது 'ஸ்ட்ராங் ரெயின்' என்று சொல்லும். உடனே நாலு பேர் கொல்லென்று சிரிப்பார்கள். இனி அப்படிச் சிரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளை சொன்னது பிழைதான். ஆனால் மடத்தனம் அல்ல. பலத்த காற்றை ஆங்கிலத்தில் 'ஸ்ட்ராங் விண்ட்' என்கிறார்கள். காற்றுக்குப் பொருந்துவது மழைக்கும் பொருந்தும் என்று அது யோசித்திருக்கிறது. யோசனை நல்லதுதான். ஆங்கிலத்தின் வழக்கம் வேறு. அங்கே காற்று 'ஸ்ட்ராங்'; மழையோ 'ஹெவி'!

இந்த 'ஹெவி' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். 'ஹெவி பேக்' என்றால் கனமான பை. உங்கள் முதுகுக்கே தெரியும்! 'ஹெவி டிராபிக்' என்றால் கனம் இல்லை, நெரிசல். 'ஹெவி லாஸ்' என்றால் பெருத்த நஷ்டம். 'ஹெவி ஸ்லீப்பர்' என்றால் குண்டானவர் அல்ல. தட்டினாலும் எழாத கும்பகர்ணன்!

ஆவடியில் ராணுவ டாங்கிகள் செய்யும் ஆலையின் ஆங்கிலப் பெயரில் 'ஹெவி' இருக்கிறது. தமிழில் அது 'கனரக' வாகனத் தொழிற்சாலை. திருச்சியில் மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்யும் பெல் நிறுவனத்தின் பெயரிலும் 'ஹெவி' உண்டு. தமிழில் அது பாரத 'மிகுமின்' நிறுவனம். மின்சாரத்துக்கு ஏது எடை? 'மிகு' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அறிவியலுக்குள் போனால் இதே சொல்லுக்கு அளவும் வந்துவிடும். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால்தான் வானிலை ஆய்வுத் துறை அதைக் கனமழை என்று சொல்லும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பயன்படும் 'ஹெவி வாட்டர்' கனநீர் எனப்படும். அது உண்மையிலேயே கனம்தான். ஒரு லிட்டர் சாதாரண நீர் ஏறத்தாழ 1 கிலோ என்றால், கனநீர் ஏறத்தாழ 1.1 கிலோ.

இப்போது நம் 'பலத்த' என்ற சொல்லைப் பாருங்கள். பலத்த காயம், பலத்த பாதுகாப்பு, பலத்த கைதட்டல் என்கிறோம். ஆங்கிலத்தில் காயம் 'சீரியஸ்', பாதுகாப்பு 'டைட்', கைதட்டல் 'லவுட்'. நமக்கு ஒரு சொல், அவர்களுக்கு மூன்று!

கோளாறு எங்கே? நாம் படிக்கும் முறையில். நோட்டின் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறு பக்கம் ஒரே ஒரு தமிழ்ப் பொருள் என்று எழுதி மனப்பாடம் செய்கிறோம். 'ஹெவி - கனமான' என்பது தேர்வில் ஒரு மதிப்பெண் வாங்கித் தரும். வாய் திறந்து பேச உதவாது. எனவே சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். அதன் ஜோடியோடு எழுதுங்கள். 'ஹெவி ரெயின்', 'ஸ்ட்ராங் டீ' என்று ஒரு நாளைக்கு இரண்டு ஜோடி போதும். ஓர் ஆண்டில் எழுநூறைத் தாண்டிவிடும்.

'அம்மாடி, இவ்வளவையும் எப்படி நினைவில் வைப்பது?' என்கிறீர்களா? தமிழில் ஏற்கெனவே வைத்திருக்கிறீர்களே! பச்சை இலை என்றால் நிறம். பச்சைத் தண்ணீர் என்றால் காய்ச்சாதது. பச்சைக் குழந்தை என்றால் பிறந்து சில நாளே ஆனது. பச்சைப் பொய் என்றால் அப்பட்டமான பொய். இதையெல்லாம் மனப்பாடமா செய்தீர்கள்? கேட்டுக் கேட்டு, பேசிப் பேசி வந்தது.

வட மாநிலத்திலிருந்து வந்து உங்களோடு படிக்கும் தோழன், 'பச்சைத் தண்ணீர் என்றால் பச்சை நிறமா இருக்குமா?' என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்களா, சொல்லிக் கொடுப்பீர்களா?

சிரித்தால் அவன் மறுபடி தமிழில் வாய் திறக்க மாட்டான். 'ஸ்ட்ராங் ரெயின்' என்று சொன்ன பிள்ளையும் அப்படித்தான் ஊமையாகிவிடும். பிழையோடு பேசுபவர் நாளைக்குத் திருத்திக்கொள்வார். பேசாதவர் எதைத் திருத்துவது?

அடுத்த முறை வகுப்பில் 'ஸ்ட்ராங் ரெயின்' கேட்டால், 'அது ஹெவி ரெயின்' என்று மெல்லச் சொல்லிக் கொடுங்கள். செய்வீர்கள்தானே?