ஒப்புக்கொடுக்காத ஒன்று

தன்னையே ஆண்டவனுக்கு ஒப்புக்கொடுப்பவனே சீடன் என்கிறது பங்குக் கோயிலின் பீடம். பெரிய வியாழனன்று பன்னிருவர் பாதங்களைப் பாதிரியார் கழுவுகிறார். நன்று! உடலையும் உள்ளத்தையும் ஒப்புக்கொடுத்தோர், சாதியை மட்டும் ஏன் மடியிலே முடிந்துகொண்டனர்? நாம் கேட்கிறோம்!

தோழர்களே, நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தைப் பாருங்கள்! 1870களில் எழுந்த கோயிலில் பீடம் ஒன்று, மண்டபம் இரண்டு, இடையே சாதிச் சுவர்! 1910இல் அது இடிக்கப்பட்டதும், மேல்சாதி என்போர் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றனர். சுவர் வீழ்ந்தது, செருக்கு வீழ்ந்ததா? தனிப்பங்கு கேட்ட எறையூர்த் தாழ்த்தப்பட்ட கிறித்தவர்களின் வீடுகள் 2008இல் தாக்கப்பட்டனவே!

பணிவைப் போதிக்கும் பாதிரிமார்களே, முதலில் சாதியைப் பலியிடச் சொல்லுங்கள்! அதுவரை உங்கள் சரணாகதி, வளைந்த முதுகை மேலும் வளைக்கும் வித்தையே. இளைஞர்களே, முழந்தாளிட்டது போதும், எழுந்து நில்லுங்கள்!