அவர்கள் பெயரை ஊர் சொல்லட்டும்

டிசம்பர் 7 வந்துவிட்டால் அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் கொடிநாள் உண்டியல் சுற்றுக்கு வரும். 1949 முதல் நடக்கும் வழக்கம் இது. மாவட்டத்துக்கு இவ்வளவு என்று இலக்கு வைத்து வசூலிக்கிறார்கள். அந்தப் பணம் போரில் கணவரை, மகனை இழந்த குடும்பங்களுக்கும், உடல் உறுப்பை இழந்த வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும் போய்ச் சேருகிறது. குறை சொல்ல இடமில்லாத நல்ல காரியம். ஆனால் திருத்தங்கலிலோ சிவகாசியிலோ சாத்தூரிலோ அந்தக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்ளும் யாரையாவது நிறுத்தி, இந்த விருதுநகர் மாவட்டத்திலிருந்து எல்லைக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். விழிப்பார்கள். பணம் கொடுக்கத் தெரிந்த நமக்கு, யாருக்காகக் கொடுக்கிறோம் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஏப்ரல் 25 அன்று விடியுமுன் கூடி, இறந்த வீரர்களை வணங்குகின்றன. 1915இல் கலிப்போலியில் அவர்களின் படை கரையிறங்கிய நாள் அது. அந்தப் போர்முனையில் அவர்கள் வெல்லவில்லை, தோற்றுத்தான் திரும்பினார்கள். இருந்தும் அதுவே அந்நாடுகளின் பெரிய நினைவுநாள். பிரிட்டனில் நவம்பர் 11. அங்கே சின்னஞ்சிறு கிராமங்களில்கூட இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்த கல் நிற்கிறது.

நம் நாட்காட்டியைப் பாருங்கள். டிசம்பர் 16, 1971 போரில் வென்ற நாள். ஜூலை 26, கார்கிலில் வென்ற நாள். கார்கிலில் நாம் இழந்தவர்கள் 527 பேர். அவர்களை அன்று வணங்குகிறோம் என்பது உண்மைதான். ஆனால் வெற்றியில் முடியாத போர்களில் இறந்தவர்கள் எந்த நாளில் வருவார்கள்? 1962இல் சீனப் போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். இலங்கைக்குப் போன அமைதிப்படையில் ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை. அந்தப் போரில் 1987 நவம்பரில் உயிர்நீத்து, பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் ஒரு தமிழர். அமைதிப்படை போனது சரியா, அது அங்கே செய்தது சரியா என்று தமிழ்நாடு கேட்ட கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அனுப்பியவர்கள். ஆணைக்குப் போய் இறந்த சிப்பாயின் தாய் அதற்காகத் தலைகுனிந்து அழ வேண்டியதில்லை.

நினைவுநாளைக்கூட வென்றவர் மட்டுமே வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையே சாட்சி. மே 19 அன்று அரசு தன் படைவீரர்களை வணங்குகிறது. முந்தைய நாளான மே 18 அன்று தமிழர்கள் முள்ளிவாய்க்காலில் தங்கள் உறவுகளுக்கு விளக்கேற்றுகிறார்கள். 2009க்குப் பிறகு, புலிகளின் கல்லறைகளான மாவீரர் துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்டன. இறந்த பிள்ளைக்காக அழுவதற்கு ஒரு தாய் அனுமதி கேட்கும் நிலை எந்த நாட்டிலும் வரக் கூடாது.

டெல்லியில் தேசியப் போர் நினைவிடம் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. சுதந்திரம் பெற்று 71 ஆண்டுகள் கழித்து! அதுவரை, ஆங்கிலேயர் தங்கள் போர்களில் இறந்த இந்தியர்களுக்காகக் கட்டிய இந்தியா கேட்டின் கீழ்தான், 1972இல் ஏற்றிய அமர் ஜவான் ஜோதியில்தான், நம் பிரதமர்கள் மலர்வளையம் வைத்தார்கள். புதிய நினைவிடத்தின் கருங்கல் சுவர்களில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள், ஒவ்வொன்றும் தனித்தனிக் கல்லில். சிறப்பான பணி. ஆனால் விருதுநகரிலிருந்து அங்கே போக ரயிலில் இரண்டு இரவு ஆகும். தீப்பெட்டி ஆபீசில் கூலி வாங்கும் ஒரு தாய், மகன் பெயரைத் தொட்டுப் பார்க்க எத்தனை முறை போய்வர முடியும்?

கல்லை ஊருக்குள் நட்டவர்கள் நம் முன்னோர்கள். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களில் ஒன்று, ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்பவனுடையது. மன்னன் அல்லன், தளபதி அல்லன். ஈராயிரம் ஆண்டு கழித்தும் அவன் பெயரை நாம் படிக்கிறோம். நடுகல்லுக்குத் தொல்காப்பியம் ஆறு நிலைகளை வகுத்தது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லை நட்டதோடு வேலை முடியவில்லை. அதற்குப் பிறகுதான் படையலும் வாழ்த்தும். நம் திருத்தங்கல்தான் என்று சொல்லப்படும் தங்கால், சிலப்பதிகாரத்தில் வருகிறது. அதே காப்பியம் கண்ணகிக்குக் கல் எடுத்த கதையை இந்த வரிசையில்தான் சொல்கிறது.

முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கிலேயரும் இந்தியக் கிராமங்களில் கல் பதித்தார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று எண்ணிக்கை மட்டும் எழுதினார்கள். பெயர் கிடையாது. 2023இல் மத்திய அரசின் ‘என் மண் என் தேசம்’ இயக்கம், ஊராட்சிகளில் உள்ளூர் வீரர்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கச் சொன்னது. வைத்த இடங்களில் சரி, அடுத்த ஆண்டு அதன் முன்னால் யார் கூடினார்கள்?

ஆண்டுதோறும் கூடுவது எப்படி என்பதை நம் காவல்துறை அறிந்திருக்கிறது. 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கில் சீனப் படையின் தாக்குதலில் 10 காவலர்கள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் நாடெங்கும் மாவட்டத் தலைநகரங்களில் காவலர்கள் நினைவுத்தூண் முன் அணிவகுக்கிறார்கள். கடந்த ஓராண்டில் பணியில் உயிர்நீத்த காவலர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். ராணுவ வீரர்களுக்கு இதையே செய்ய என்ன தடை? கார்கிலில் இறந்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் உண்டு. 2020 ஜூனில் கல்வானில் இறந்த ஹவில்தார் பழனியை ராமநாதபுரத்துக் கடுக்கலூர் மறக்காது. இப்படிப் புகழ் வெளிச்சம் படாதவர்களின் பெயர்களும் ஒலிக்க வேண்டும்.

மரணச் செய்தியும் நிவாரணத் தொகையும் ஒரே நாளில் வந்து, மறுநாளே எல்லாம் அடங்கிப்போவதை இந்த வெடிமருந்து மண் நன்றாக அறியும். 2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை. கிட்டத்தட்ட 40 பேர் இறந்த அந்த வெடிவிபத்தில், முதல் சத்தம் கேட்டு உதவ ஓடியவர்களும் இருந்தார்கள். சீருடை அணியாவிட்டாலும், அடுத்தவர் உயிருக்காக ஓடிச் செத்தவர்கள். அவர்களுக்கும் ஒரு கல்லும் ஒரு நாளும் கடன் வைத்திருக்கிறோம்.

சிப்பாய்களின் பட்டியலாவது தேடி அலைய வேண்டியதில்லை. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் கோப்புகளில் இருக்கிறது. விருதுநகர் மாவட்ட நிர்வாகம் அதை ஊர்வாரியாக வெளியிட வேண்டும். திருத்தங்கலைச் சேர்த்துக்கொண்ட சிவகாசி மாநகராட்சியும், ஒவ்வோர் ஊராட்சியும் அந்தப் பெயர்களைக் கல்லில் வெட்டி, பிள்ளைகள் வந்துபோகும் இடத்தில் வைக்க வேண்டும். வருகிற டிசம்பர் 7 அன்று, உண்டியல் வருவதற்கு முன்னால், பள்ளிக் காலை வணக்கத்தில் அந்த ஊர்ப் பெயர்களை ஒரு மாணவி நின்று வாசிக்கட்டும். இறந்தவரின் வீட்டாரை அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள்.