வாலிபர் ஆராதனையும் வரதட்சணையும்

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர். பொறியியல் படித்த நான்கு ஆண்டுகளும் சபையின் வாலிபர் ஆராதனையில் கீபோர்டு வாசித்தவன் நான். இதை வெளியே நின்று சொல்லவில்லை.

நடத்துகிறவர் ஜெபிக்க ஆரம்பித்ததும் பின்னால் மெதுவாக ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். விளக்கைக் குறைப்பார்கள். டிரம்ஸ் நிற்கும். பல்லவி ஏழாவது முறை வரும்போது முன்வரிசையில் ஒருவன் முழங்காலில் விழுவான். அந்தக் கண்ணீர் பொய்யல்ல. நானும் அழுதிருக்கிறேன். அதைக் குணம் என்று எண்ணிக்கொண்டதுதான் பிழை.

அப்படி ஒரு ஞாயிறு, எல்லாவற்றையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பதாகப் பாடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அண்ணனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். எத்தனை பவுன் என்பதுதான் பேச்சு. நான் வாயைத் திறந்ததும் சித்தப்பா, "எல்லாரும் வாங்குறதுதான். நீ சும்மா இருல" என்றார். சும்மாதான் இருந்தேன். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. குற்றம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த நகைக்காக அண்ணியின் அப்பா அடகு வைத்த வயல் இன்னும் மீளவில்லை.

இந்தப் பாட்டு இல்லாவிட்டால் பையன்கள் சபைக்கே வரமாட்டார்கள் என்பார்கள். சரி, வரட்டும். வந்தவனை என்ன செய்கிறோம்? பழைய கீர்த்தனைக்குத் திரும்பினாலும் தீராது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்களை உருகிப் பாடிய தாத்தாக்களும் பவுனை எண்ணித்தான் வாங்கினார்கள். சாதி பார்த்துத்தான் பெண் எடுத்தார்கள். பாட்டின் இரைச்சல் வேண்டாம், நியாயம் வேண்டும் என்று ஆமோஸ் ஐந்தாம் அதிகாரத்தில் வருவது எந்த மெட்டுக்கும் பொருந்தும்.

என்னிடம் கொஞ்சம் குணம் இருந்தால் அது அசனத்துக்கு முந்தைய இரவுகளில் வந்தது. விடியவிடியக் காய் வெட்டுவோம். சரியாக நறுக்காவிட்டால் பெரியவர்கள் திட்டுவார்கள். அண்டா கழுவியவனுக்கு யாரும் கைதட்டவில்லை. மறுநாள் பந்தியில், உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்க்காமல் பரிமாற வேண்டும். பிடிக்காததையும் திரும்பத்திரும்பச் செய்துதான் குணம் வரும்.

என் தொழிலில் டெமோ நன்றாக ஓடியதென்று மென்பொருளை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. சுமை ஏறும்போது நிற்கிறதா என்பதே கேள்வி. ஆராதனை டெமோ, பெண் பேசும் அறைதான் சுமை.

ஒரே ஒரு ஞாயிறு மைக்கை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு வாலிபனும் எழுந்து, தாய்தகப்பன் கேட்க, "நான் வரதட்சணை வாங்கமாட்டேன்" என்று சொல்லட்டும். அன்றைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்போம்.